"வீட்டில்தானே இருக்கிறாய்?"

வணக்கம். வீட்டிலிருந்தே கணக்குத் தணிக்கை வேலை பார்க்கிறேன். "வீட்டில்தானே இருக்கிறாய்?" என்று அக்கா குழந்தையை விட்டுச் செல்கிறாள். தோழி பகலில் வந்து மணிக்கணக்கில் பேசுகிறாள். அம்மா "இரண்டு நிமிஷம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு இரவு விழித்து வேலையை முடிக்கிறேன். யார் முகமும் கோணாமல் எப்படி மறுப்பது?

— வாசகி ஒருவர்

அன்புள்ள வாசகிக்கு,

தலையாட்டுவதால் உறவு காக்கப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. இரவு விழித்த அலுப்பு மறுநாள் யார் மீதாவது எரிச்சலாக இறங்கும். காரணம் அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

அம்மாவின் இரண்டு நிமிஷத்தையே எடுத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை இடிக்கிறது. பிசகு எந்த வரியில் என்று பிடிபடும் நேரத்தில் எழுந்து போகிறீர்கள். திரும்பி வந்தால் மறுபடி முதல் வரி. ஒரு வேலையை அரைகுறையாக விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் எழுதினார். ஆக, அம்மாவுக்கும் பாதி மகள்தான் கிடைக்கிறாள். எழுந்திருக்கும் முன் எங்கே நிறுத்தினோம், அடுத்து என்ன என்று சுருக்கமாகக் குறித்துவைத்தால் இந்த இழுபறி குறையும் என்று லெராயும் சக ஆய்வாளர் தெரேசா குளோம்பும் 2018இல் காட்டினார்கள். செய்து பாருங்கள்.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரிய வழியில்லை. அவர் கண்ணுக்கு மகள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். எனவே "பதினொன்றுக்கு வருகிறேன் அம்மா" என்று சொல்லுங்கள். சொன்னபடி போய் நில்லுங்கள். வாக்குத் தவறினால் அவர் மறுபடி கதவைத் தட்டுவதில் தப்பே இல்லை.

அக்கா விஷயம் வேறு. குழந்தையைப் பார்த்துக்கொள்வதே ஒரு முழு வேலை; இரண்டையும் ஒருவர் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. இதை அவள் குழந்தையோடு வாசலில் நிற்கும்போது சொல்லாதீர்கள். முன்கூட்டியே, அவள் மாற்று ஏற்பாடு செய்ய அவகாசம் இருக்கும்படி சொல்லுங்கள். காரணங்களை அடுக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு தீர்வு இருக்கும். எது அவசரம், அப்போது எப்படிக் கூப்பிடுவது என்பதையும் சேர்த்தே பேசிவிடுங்கள்.

தோழிக்கு மாலையைக் கொடுங்கள். அந்த நேரத்தில் மடிக்கணினி மூடியே இருக்கட்டும்.

பேச்சை அக்காவிடமிருந்து தொடங்குங்கள். கடினமானது அதுதான், அதைத் தள்ளிப்போட்டால், மற்ற இரண்டும் சரியானாலும் இரவு விழிப்பு குறையாது.

அன்புடன்.