கேளுங்கள், விடை தருகிறோம்: பேரரசுகளும் இளைய நாடுகளும்

பேரரசுகள் கலைந்தபின் பிறந்த நாடுகளைப் பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

*கரையிலிருந்து கடலில் பன்னிரண்டு மைல் வரை மாநில அரசு, அதற்கு அப்பால் மத்திய அரசு, 200 மைல் வரை இந்தியாவின் உரிமை என்கிறார்கள். இந்தக் கணக்கை வெள்ளைக்காரன் போட்டானா, நாம் போட்டோமா?*
(விசைப்படகு உரிமையாளர், காசிமேடு)

வெள்ளைக்காரன் போட்டது மூன்று மைல். கரையில் நிறுத்திய பீரங்கியின் குண்டு எட்டும் தூரம் என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். எல்லை குறுகலாக இருப்பது பெரிய கடற்படை வைத்திருந்தவர்களுக்கு வசதி. அடுத்தவன் கரையிலிருந்து நாலாவது மைலில் போர்க்கப்பலை நிறுத்தலாம், மீனையும் அள்ளலாம்.

இதை முதலில் எதிர்த்து நின்றவை தென் அமெரிக்காவின் சிலி, பெரு, ஈக்வடார். 1952ல் மூன்றும் சேர்ந்து, தங்கள் கரையிலிருந்து 200 கடல் மைல் தங்களுடையது என்று அறிவித்தன. பெரிய நாடுகள் ஏற்கவில்லை. ஆனால் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நாடுகள் வரிசையாக விடுதலை பெற்றன. கடற்கரை உண்டு, கடற்படை கிடையாது என்ற நிலையிலிருந்தவை அவற்றில் நிறைய. 1967 நவம்பர் 1 அன்று, விடுதலை பெற்று மூன்றே ஆண்டான மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ, ஆழ்கடல் தரையை மனிதகுலத்தின் பொதுச்சொத்தாக்க வேண்டும் என்று ஐ.நா.வில் பேசினார். அதிலிருந்து கிளம்பியதுதான் 1973 முதல் 1982 வரை நடந்த கடல் சட்ட மாநாடு. 200 மைலை ஏற்று அதில் உருவான ஒப்பந்தம் 1982 டிசம்பர் 10 அன்று ஜமைக்காவில் கையெழுத்தானது. நடைமுறைக்கு வர 60 நாடுகளின் ஒப்புதல் தேவை. அறுபதாவதாக வந்தது கயானா, 1993ல். ஓராண்டு கழித்து, 1994 நவம்பர் 16 முதல் அது சட்டம். அமெரிக்கா இன்றுவரை சேரவில்லை. இந்தியா காத்திருக்காமல் 1976லேயே 200 மைலுக்குத் தன் சட்டத்தை இயற்றிக்கொண்டது. ஆகவே, நாம் போட்ட கணக்குதான். நம்மைப் போன்றவர்களோடு சேர்ந்து போட்டது.

படகில் இந்தக் கணக்கு எங்கே பிசகுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், தரை மைல் 1.609. பன்னிரண்டு கடல் மைல் 22.2 கிலோமீட்டர், 200 கடல் மைல் 370.4 கிலோமீட்டர். ஜிபிஎஸ் கருவி தரை மைலில் அமைக்கப்பட்டிருந்தால், திரையில் 12 வரும்போது நீங்கள் உண்மையில் 10.4 கடல் மைலில்தான் இருப்பீர்கள். எல்லையைத் தாண்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு உள்ளேயே வலை விடுவீர்கள். கருவியின் அளவு நாட்டிகல் மைலில் இருக்கிறதா என்று பாருங்கள். காகித வரைபடத்தில் அளப்பதானால் பக்கவாட்டில் உள்ள அட்சரேகை அளவைத்தான் எடுக்க வேண்டும். அதில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல். அடியில் உள்ள தீர்க்கரேகை அளவு நம் பக்கத்தில் சற்றுக் குறுகல். அதை வைத்து அளந்தால் அறுபது மைலுக்கு ஒன்றரை மைல் தவறும். இன்னொன்று, பன்னிரண்டு மைலை எண்ணுவது உங்கள் படகு கிளம்பிய இடத்திலிருந்து அல்ல, கடல் வற்றும்போது தெரியும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து.

இரண்டு நாட்டுக் கரைகளுக்கு நடுவே 400 மைல் இல்லாத இடத்தில் கோடு எங்கே விழும்? நடுவில் என்பது எளிய பதில். கரை உள்வாங்கி வளைந்திருந்தால் அந்த நடுக்கோடு ஒரு நாட்டை நெருக்கி மூலையில் தள்ளிவிடும். வங்கதேசத்துக்கு அதுதான் நடந்தது. 2009ல் அது இந்தியாவுக்கு எதிராக நடுவர் மன்றம் போயிற்று. 2014 ஜூலையில் வந்த தீர்ப்பில், தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்குப் போனது. இந்தியா மறுபேச்சின்றி ஏற்றது. தென்சீனக் கடல் பற்றி 2016ல் வந்த தீர்ப்பைச் சீனா தள்ளிவிட்டதை இதனோடு வைத்துப் பார்த்தால், டெல்லி செய்ததன் மதிப்பு விளங்கும்.

*மணலி சுத்திகரிப்பு ஆலையில் ஈரானுக்குப் பங்கு உண்டாமே? எதற்கு?*
(வாசகி, மணலி)

உண்டு. 1965ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் தொடங்கியபோது இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. அமோகோ 1985ல் விலகியது. ஈரான் நிறுவனத்தின் கிளைக்கு இன்றும் சுமார் 15 சதவீதம் இருக்கிறது.

அந்த ஈரான் நிறுவனம் பிறந்த கதை முக்கியம். 1951ல் பிரதமர் மொசாதேக், பிரிட்டிஷ் கம்பெனியின் கையிலிருந்த எண்ணெயை நாட்டுடைமையாக்கினார். கிணறு கைக்கு வந்தது. கப்பலும் சந்தையும் வரவில்லை. ஈரான் எண்ணெயை யாரும் வாங்காதபடி பிரிட்டன் தடுத்தது, விற்பனை சரிந்தது. 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் உதவியோடு மொசாதேக் கவிழ்க்கப்பட்டார். மறு ஆண்டு வந்த கூட்டு ஒப்பந்தத்தில் பழைய பிரிட்டிஷ் கம்பெனிக்கு 40, அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40, ஷெல்லுக்கு 14, பிரெஞ்சுக் கம்பெனிக்கு 6 என்று பிரித்தார்கள். எண்ணெய் ஈரானுடையது என்று காகிதத்தில் எழுதியிருந்தது; எவ்வளவு எடுப்பது, என்ன விலைக்கு விற்பது என்பதெல்லாம் அவர்கள் கையில்.

தனியாக நின்றால் நசுக்கப்படுவோம் என்ற பாடத்தில்தான் 1960 செப்டம்பரில் ஈரான், இராக், குவைத், சவூதி, வெனிசுவேலா ஐந்தும் பாக்தாத்தில் ஒபெக் அமைப்பைத் தொடங்கின. தங்கள் எண்ணெயைச் சுத்திகரித்து விற்க ஆசியாவிலேயே ஆலை தேடியதும் அதே காலம். மணலி அப்படி அமைந்தது. ஆனால் 1973 அக்டோபரில் பேரலுக்கு 3 டாலர் அளவிலிருந்த விலை மூன்றே மாதத்தில் 11 டாலரைத் தாண்டியபோது, மிக மோசமாக அடிபட்டவை இந்தியா போன்ற வாங்கும் நாடுகள். இளைய நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே நலன் என்று யாராவது சொன்னால் இந்த எண்களைக் காட்டுங்கள்.

*1914ல் சென்னையில் குண்டு போட்ட எம்டன் கப்பலைச் சிலர் ஆங்கிலேயருக்கு எதிரான வீரமாகப் பேசுகிறார்களே?*
(வாசகர், இராயபுரம்)

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் தாக்கியதில் துறைமுகம் அருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. பிரிட்டிஷ் பாதுகாப்பின் மீதிருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது உண்மை. 'எம்டன்' என்ற சொல் நம் பேச்சில் நின்றதும் அதனால்தான். ஆனால் அதை அனுப்பிய ஜெர்மனியும் பேரரசுதான். 1904ல் இன்றைய நமீபியாவில் ஹெரேரோ மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதும் அதே அரசுதான்.

*ஏகாதிபத்தியம், காலனியம், நவகாலனியம் மூன்றையும் தேர்வுக்குக் குழப்பாமல் எழுதுவது எப்படி?*
(போட்டித் தேர்வு மாணவி, தண்டையார்பேட்டை)

அடுத்த நாட்டின் மீது செலுத்தும் ஆதிக்கம் எதுவானாலும் ஏகாதிபத்தியம். அங்கேயே ஆளை அனுப்பி, சட்டம் போட்டு ஆள்வது காலனியம். கொடியை இறக்கிக் கொடுத்துவிட்டுக் காசையும் விலையையும் பிடித்து வைத்திருப்பது நவகாலனியம். இந்தச் சொல்லைப் பரப்பியவர் கானாவின் க்வாமே நிக்ருமா. எந்த நாட்டைக் கொடுத்தாலும் சட்டம் யாருடையது, நாணயம் யாருடையது, விளைபொருளுக்கு விலை வைப்பது யார் என்று வரிசையாகக் கேட்டுப் பாருங்கள்.

எடுத்துக்காட்டுக்கு சி.எஃப்.ஏ. ஃபிராங்கை எழுதுங்கள். 1945ல் பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளுக்கு உருவாக்கிய நாணயம் அது. காலனிகள் விடுதலை பெற்ற பிறகும் அதன் மதிப்பு பிரெஞ்சு நாணயத்தோடு கட்டப்பட்டே இருந்தது. அன்னியச் செலாவணி கையிருப்பில் பெரும்பகுதியைப் பாரீஸ் கருவூலத்தில் வைக்க வேண்டியிருந்தது. 1994 ஜனவரியில் ஒரே நாளில் அதன் மதிப்பு பாதியானது: ஒரு பிரெஞ்சு ஃபிராங்குக்கு 50 என்றிருந்தது 100 ஆயிற்று. இறக்குமதி மருந்துக்கு இருமடங்கு காசு கொடுக்க வேண்டிவந்தது. பிரான்சின் தலைமையிலான கூட்டமைப்பில் சேர மறுத்து 1958ல் வாக்களித்த மேற்கு ஆப்பிரிக்காவின் கினியிலிருந்து பிரெஞ்சு அதிகாரிகள் கோப்புகளையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் விடை முழுமையாக இருக்கும்.

*ஐ.நா.வில் 193 நாடுகள். பெரும்பான்மை முன்னாள் அடிமை நாடுகள். பிறகு ஏன் முடிவு மட்டும் நம் கையில் இல்லை?*
(வாசகர், கொருக்குப்பேட்டை)

வாக்கை எந்த இடத்தில் எப்படி எண்ணுகிறார்கள் என்பதில் இருக்கிறது விடை.

பொதுச்சபையில் நாட்டுக்கு ஒரு வாக்கு. 1945ல் உறுப்பினர் 51. 1960ல் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. அந்த டிசம்பர் 14 அன்று, காலனியாதிக்கத்தை முடிக்கக் கோரும் 1514ஆம் தீர்மானம் 89க்கு 0 என்று நிறைவேறியது. ஒன்பது நாடுகள் வாக்களிக்காமல் இருந்தன, அவற்றில் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, போர்த்துகல் உண்டு. எதிர்த்து வாக்களிக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் பொதுச்சபைத் தீர்மானம் பெரும்பாலும் பரிந்துரைதான்.

கட்டாயப்படுத்தும் அதிகாரம் பாதுகாப்பு அவையிடம். அங்கே 15 பேர். 9 வாக்கு வேண்டும், நிரந்தர உறுப்பினர் ஐவரில் ஒருவர்கூட எதிர்க்கக் கூடாது. இதை மாற்ற 193ல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 129 நாடுகள் ஒப்புதல் தர வேண்டும். அதிலும் அந்த ஐவர் எல்லாரும் இருக்க வேண்டும். முடியாத காரியம் போலத் தெரிகிறது. ஆனால் ஒருமுறை நடந்தது. 1963ல் அவையை 11லிருந்து 15ஆகப் பெரிதாக்க ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் தீர்மானம் கொண்டுவந்தபோது, ஐவரில் ஆதரித்தது அன்று சீனாவின் இருக்கையில் இருந்த தைவான் அரசு மட்டும். பிரான்சும் சோவியத்தும் எதிர்த்தன, மற்ற இருவரும் ஒதுங்கினார்கள். ஆனாலும் புதிய நாடுகளின் நட்பு வேண்டுமே என்று 1965க்குள் ஐவரும் ஒப்புதல் தந்தார்கள்.

நாடுகளுக்குக் கடன் தரும் பன்னாட்டு நிதியத்தில் (ஐ.எம்.எஃப்.) கதையே வேறு. போட்ட பணத்துக்கு ஏற்ற வாக்கு. எல்லா நாடுகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும் வாக்கு மொத்தத்தில் 5.5 சதவீதம்தான். அமெரிக்காவிடம் ஏறத்தாழ 16.5, இந்தியாவிடம் 2.6 அளவில். பங்கீட்டை மாற்ற 85 சதவீதம் தேவை. நூறிலிருந்து 16.5 போனால் மீதி 83.5, மற்ற எல்லா நாடுகளும் ஒன்றாகக் கை தூக்கினாலும் போதாது. கடலில் நாம் ஜெயித்ததற்கும் கடனில் தோற்பதற்கும் காரணம் இதுவே.

*பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம் நாங்கள். எங்களை விரட்டியது பிரிட்டிஷ்காரன் அல்ல, விடுதலை பெற்ற நாடு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?*
(வாசகி, வியாசர்பாடி)

உங்கள் கேள்வி நியாயமானது. நெல் விளைவிக்கவும் கப்பலில் மூட்டை ஏற்றவும் சென்னை மாகாணத்திலிருந்து தமிழரையும் தெலுங்கரையும் ரங்கூனுக்குக் கொண்டுபோனது பிரிட்டிஷ் ஆட்சி. 1930களில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் கால்பங்கு செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்குப் போனது. பர்மிய விவசாயியின் கண்ணில் எதிரி லண்டன் அல்ல, பக்கத்துத் தெரு இந்தியர். அதில் மூட்டை தூக்கிய கூலியும் சேர்த்து எண்ணப்பட்டார்.

ஆனால் அதைச் சொல்லிப் புதிய ஆட்சியை விடுவிக்க முடியாது. 1962 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்த நெ வின், கடைகளை நாட்டுடைமையாக்கினார். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார். சேமிப்பு போயிற்று, நகையைக்கூட முழுமையாகக் கொண்டுவர விடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியா இலங்கையோடு செய்த ஒப்பந்தத்தில், மலையகத் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு பிரதமர்கள் பேசி முடித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1972ல் உகாண்டாவில் இடி அமீன் ஆசியர்களுக்குக் கொடுத்த கெடு 90 நாள். யார் குடிமகன் என்ற கேள்வியைப் பேரரசு விட்டுச் சென்றது. விடையை எழுதியவர்கள் புதிய ஆட்சியாளர்கள், அந்த விடைக்கு அவர்களே பொறுப்பு.