லாஸ்ட்: காட்டில் விழுந்தவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விமானம் விழுந்து ஒரு தீவில் சிக்கிக்கொண்டவர்களைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘லாஸ்ட்’டை, கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகளுடன் சேர்ந்து பார்த்துவருகிறேன். இப்போது மூன்றாவது சீசனில் இருக்கிறோம். அலுவலக நண்பர் ஒருவர், “விமானம் விழுந்தபோதே எல்லாரும் செத்துப்போய்விட்டார்கள், கடைசியில் அதைத்தான் சொல்வார்கள், நேரத்தை வீணாக்காதே” என்றார். உண்மைதானா? மகளின் கேள்வி வேறு. நிஜமாகவே காட்டில் விமானம் விழுந்து பிழைத்தவர்கள் உண்டா, அவர்களும் இப்படித்தான் நாட்களைக் கடத்தினார்களா என்று கேட்கிறாள்.

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொன்னது தவறு. தீவில் நடந்தவை எல்லாம் நிஜமாக நடந்தவை என்று கடைசி எபிசோடிலேயே ஒரு பாத்திரம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. 2010 மே மாதம் அது ஒளிபரப்பானபோது, ஏபிசி தொலைக்காட்சி முடிவில் கலைஞர்களின் பெயர்கள் ஓடும் நேரத்தில் ஆளில்லாத கடற்கரையில் விமானச் சிதைவுகள் கிடக்கும் காட்சிகளைச் சேர்த்தது. அதைப் பார்த்த பலர் ‘யாருமே பிழைக்கவில்லை போலிருக்கிறது’ என்று முடிவு கட்டினார்கள். அந்தப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை. நீங்கள் தயங்காமல் பாருங்கள். நடுவில் சில இடங்களில் கதை இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் அந்தத் தொடரின் உயிர் முதல் சீசனில்தான் இருக்கிறது. சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் விமானம் உடைந்து விழுகிறது, 48 பேர் கடற்கரையில் மிஞ்சுகிறார்கள். ஐந்தாவது எபிசோடை நினைத்துப் பாருங்கள். குடிதண்ணீர் தீர்ந்துகொண்டே வருகிறது. கர்ப்பிணிப் பெண் மயங்கி விழுகிறாள். இருந்த கொஞ்சம் பாட்டில்களையும் காணோம். எடுத்தவன் திருடன் அல்ல, பங்கிட்டுக் கொடுக்க யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்று நினைத்த இளைஞன். ஆனால் யாரும் அவனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கவில்லை. கூட்டம் அவனைச் சூழ்ந்துகொள்கிறது. அந்த நேரத்தில்தான் டாக்டர் ஜாக், காட்டுக்குள் நல்ல தண்ணீரைக் கண்டுபிடித்த செய்தியோடு வந்து நிற்கிறான். தண்ணீர் யார் கையில், பங்கு பிரிப்பது யார், அந்த உரிமையை அவருக்குக் கொடுத்தது யார் என்று ஒரு சமூகம் முதன்முதலாகத் தன்னையே கேட்டுக்கொள்ளும் இடம் அது. தீவில் உலவும் கரும்புகை அரக்கனைவிட எனக்கு அந்தக் காட்சிதான் பெரிது.

சரி, உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் தொடரில் வரும் காட்டுக்கும் அவர்கள் கடந்துவந்த காட்டுக்கும் தொடர்பே இல்லை. ‘லாஸ்ட்’ ஹவாயின் ஓஹு தீவில் எடுக்கப்பட்டது. காடு அதில் அழகாக இருக்கிறது, மர்மங்களை ஒளித்துவைக்க இடம் தருகிறது. பூச்சிக்கடி, புண்ணில் புழு, வயிற்றைச் சுருட்டும் பசி இதெல்லாம் அங்கே பெரிதாக வருவதில்லை.

1971 டிசம்பர் 24 அன்று பெருவின் லிமாவிலிருந்து புகால்பா நோக்கிப் போன விமானம் இடிமின்னலில் சிக்கி நடுவானில் உடைந்தது. அதில் இருந்த 92 பேரில் தப்பியது ஒரே ஒருத்தி. ஜூலியானே கெப்கே, வயது 17. இருக்கையோடு கட்டப்பட்டபடியே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து அமேசான் காட்டில் விழுந்தாள். காறை எலும்பு முறிந்திருந்தது. மூக்குக்கண்ணாடியும் இல்லை, ஒரு காலில் மட்டும் செருப்பு. சாப்பிடக் கிடைத்தது ஒரு பை மிட்டாய்.

அவளைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம் மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. பெற்றோர் இருவரும் உயிரியலாளர்கள், மழைக்காட்டில் பங்குவானா என்ற ஆய்வு நிலையத்தை நடத்தியவர்கள். அவளும் அங்கே வாழ்ந்திருக்கிறாள். சிறு நீரோடை கண்ணில் பட்டால் அதன் போக்கிலேயே போ, அது ஆற்றில் சேரும், ஆற்றங்கரையில் மனிதர்கள் இருப்பார்கள் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். ஓடையைப் பிடித்துக்கொண்டாள். ஹோட்ஸின் என்ற பறவையின் குரல் கேட்டது. அது பெரிய நீர்நிலையை ஒட்டி வாழும் பறவை, ஆகவே ஆறு பக்கத்தில்தான் என்று புரிந்துகொண்டாள். பறவைகளை அவளுக்குப் பழக்கியவர் அம்மா, பறவையியலாளர் மரியா கெப்கே. அதே விமானத்தில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்து இறந்துபோனவர். இதை எப்போது படித்தாலும் எனக்கு அடுத்த வரிக்குப் போகச் சற்று நேரமாகும்.

பத்தாவது நாள் ஆற்றோரம் ஒரு படகும் குடிசையும் கண்ணில் பட்டன. கைப்புண்ணில் புழு வைத்திருந்தது. அங்கிருந்த எரிபொருளைப் புண்ணில் ஊற்றிப் புழுக்களை வெளியே எடுத்தாள். மறுநாள் மரம் வெட்டுபவர்கள் வந்தார்கள்.

அப்புறம் 2023இல் கொலம்பியாவில் நடந்தது. மே 1 அன்று சிறு விமானம் ஒன்று அமேசான் காட்டில் விழுந்தது. பெரியவர்கள் மூவரும் இறந்தார்கள். உயிரோடு மிஞ்சியவர்கள் ஹுயிட்டோட்டோ பழங்குடிக் குழந்தைகள் நான்கு பேர். மூத்தவளுக்கு 13 வயது, கடைக்குட்டிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. விமானத்திலிருந்து எடுத்த மரவள்ளி மாவைச் சாப்பிட்டார்கள். அது தீர்ந்ததும் காட்டில் எந்தப் பழத்தை, எந்த விதையைத் தின்னலாம் என்று தெரிந்து தின்றார்கள். ராணுவமும் பழங்குடித் தன்னார்வலர்களும் சேர்ந்து தேடினார்கள். பாட்டியின் குரலை அவர்கள் மொழியிலேயே பதிவுசெய்து, இருந்த இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கியில் போட்டார்கள். 40 நாட்களுக்குப் பிறகு, ஜூன் 9 அன்று நால்வரும் உயிரோடு கிடைத்தார்கள்.

இரண்டு இடத்திலும் உயிரைக் காத்தது காட்டைப் பற்றிய அறிவுதான். அதை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் வீட்டிலிருந்த பெரியவர்கள். ‘லாஸ்ட்’ இந்த உண்மையை அபூர்வமாகத்தான் தொடுகிறது. வேட்டை தெரிந்த லாக் என்ற பாத்திரத்தைக்கூட ஒரு ஞானியாக்கி மர்மத்துக்குள் இழுத்துக்கொண்டுவிடுகிறது. ஆனால் முதல் சீசனின் எட்டாவது எபிசோடில் ஒரு காட்சி உண்டு. ஆஸ்துமா வந்து மூச்சுக்குத் திணறும் ஷானனின் நெஞ்சில், கொரியப் பெண்ணான சன் தைலமர இலையிலிருந்து மருந்து செய்து தடவுகிறாள். அதுவரை அவளை யாரும் பொருட்படுத்தியதில்லை. எழுத்தாளர்கள் அந்த வழியிலேயே இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம்.

மகளிடம் சொல்லுங்கள், ஜூலியானே பிறகு வௌவால்களை ஆராயும் விலங்கியலாளர் ஆனார், பங்குவானாவையும் பொறுப்பேற்று நடத்தினார். இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் அவரை அந்தக் காட்டுக்கே திரும்ப அழைத்துப்போய் ‘விங்ஸ் ஆஃப் ஹோப்’ என்ற ஆவணப்படம் எடுத்திருக்கிறார். ஹெர்சாக்கும் அன்று அந்த விமானத்தில் ஏறியிருக்க வேண்டியவர். நான்காவது சீசனைத் தொடங்குவதற்கு முன் இருவரும் அதைப் பார்த்துவிடுங்கள்.