மின் சைக்கிள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்?

வள்ளியூரிலிருந்து பணகுடிக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். ‘டார்க் சென்சார்’ வைத்த வண்டிக்கு விலை கூடுதலாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

தாராளமாக. மின் சைக்கிளில் சேர்க்கும் மின்னணு வசதிகளில் கொடுத்த காசுக்கு உழைப்பது இதுதான். விலை குறைந்த வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா, இல்லையா என்று மட்டும் பார்க்கும் காந்த வளையம் இருக்கும். கால் சும்மா சுழன்றாலும் மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும். டார்க் சென்சார் நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பதை அளந்து, அந்த அளவுக்கு உதவும். ஆனி, ஆடியில் உங்கள் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று எதிரே வந்தால் அழுத்தி மிதிப்பீர்கள், மோட்டாரும் சேர்ந்து இழுக்கும். திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும், மோட்டார் தானே அடங்கும், பேட்டரி மிச்சம்.

36 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரியில் இருக்கும் ஆற்றல் 360 வாட் மணி. ஆக்சிலேட்டரைத் திருகியே ஓட்டினால் கிலோமீட்டருக்கு 10 முதல் 12 வாட் மணி போகும். மிதித்து ஓட்டினால் 6 முதல் 8. எதிர்காற்றில் இரண்டுமே கூடும். பேட்டரியில் இருப்பதை இதால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று தெரியும். விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரத்தை நம்பாமல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பிரேக் பிடித்தால் பேட்டரி சார்ஜ் ஏறும் என்கிறார் கடைக்காரர். உண்மையா? – அம்பாசமுத்திரம்

ஏறும். ஆனால் எவ்வளவு? ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ, வேகம் 25 கி.மீ. என்றால், முழுதாக நிற்கும்போது கிடைக்கக்கூடிய ஆற்றலே 0.67 வாட் மணிதான். அதிலும் பாதிதான் பேட்டரிக்குப் போய்ச் சேரும். 360 வாட் மணி பேட்டரிக்கு இது எந்த மூலைக்கு? தவிர, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ‘ஹப்’ மோட்டார்களில், உள்ளே பல்சக்கரம் உள்ள சிறிய வகையில், மோட்டாரைச் சுழற்றாமலேயே சக்கரம் முன்னோக்கித் தடையின்றி ஓடும். அவற்றில் இந்த வசதி வேலையே செய்யாது. இதற்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்க வேண்டாம்.

உடைமுள் குத்திப் பங்சர் ஆனால், மோட்டார் சக்கரத்தைத் தொட மாட்டேன் என்கிறார்கள் சைக்கிள் கடையில். என்ன செய்ய? – நாங்குநேரி

பங்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். மோட்டார் ஒயர் வராத பக்கத்தில் டயரின் விளிம்பை நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து, அந்த நிலையிலேயே ஒட்டலாம். ஒட்டியதும் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள் முனை முறிந்து உள்ளேயே நின்றால் மறுநாளே திரும்பக் குத்தும்.

ட்யூபையே மாற்றுவதென்றால்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். முதலில் பேட்டரியை எடுத்துவிடுங்கள். மோட்டார் ஒயரின் இணைப்பை நேராக இழுங்கள். திருகினால் உள்ளே ஊசிகள் வளைந்துவிடும். மாட்டும்போது இணைப்பின் இரு பாதிகளிலும் உள்ள அம்புக்குறிகள் நேர்க்கோட்டில் வர வேண்டும். அச்சில் கொக்கி போன்ற முனையுள்ள வாஷர் ஒன்று இருக்கும். அதை மறந்தால் மோட்டார் இழுக்கும்போது அச்சே சுழன்று ஒயரை அறுத்துவிடும். கடைகளில் நடக்கும் பெரிய சேதம் இதுதான்.

நம் ஊர்ச் சாலையோரத்துக்கு, ட்யூபுக்கும் டயருக்கும் நடுவே போடும் தடுப்புப் பட்டையும், ட்யூபுக்குள் ஊற்றினால் சிறு ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் சுமார் 100 மி.லி.யும் எந்த ‘ஸ்மார்ட்’ வசதியைவிடவும் பயன் தரும். சீலன்ட் ஊற்றிய ட்யூபில் ஒட்டு பிடிக்க வேண்டுமானால் ஓட்டையைச் சுற்றி ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும்.

ஆப், ஜி.பி.எஸ். தேவையா? – பாளையங்கோட்டை

தேவையில்லை. நல்ல பூட்டு ஒன்று வாங்குங்கள். ஆப் கட்டாயம் உள்ள வண்டியென்றால், அது திறக்காவிட்டாலும் சாவி போட்டு ஓட்ட முடியுமா என்று மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

68 வயது அப்பாவுக்கு வாங்குகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? – மேலப்பாளையம்

பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச். காந்த வளைய வண்டிகளில் மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு கணம் மோட்டார் தள்ளும். சந்தை நெரிசலில் அது ஆபத்து. பின்சக்கரத்தைத் தூக்கி, ஆக்சிலேட்டரைத் திருகியபடியே ஒவ்வொரு பிரேக் லீவரையும் லேசாகப் பிடித்துப் பாருங்கள். பிரேக் கட்டை தொடும் முன்பே மோட்டார் அடங்க வேண்டும். இரண்டில் ஒரு லீவரில் அடங்காவிட்டாலும், சரிசெய்து தரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.