மூன்று பேர், இரண்டு தூண்டில்

கேள்வி: ராமநாதபுரத்தில் வேலை பார்க்கிறேன். மகனுக்கு 11 வயது. செல்போனிலிருந்து பிரிப்பதற்காக ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு மண்டபம் தெற்குக் கரை ஜெட்டிக்குத் தூண்டில் போடக் கூட்டிப்போகிறேன். எனக்கும் அவனுக்கும் விலை உயர்ந்த ரீல் தூண்டில்கள் வாங்கினேன். ஆடி பிறந்ததிலிருந்து மீனே கடிப்பதில்லை. பத்து நிமிடத்தில் போனைக் கேட்கிறான். அப்பாவும் கூட வருவார். வள்ளத்தில் கைத்தூண்டில் தொழில் செய்தவர். கண் மங்கிவிட்டதால் பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பையனுக்குப் பொறுமையை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பதில்: பையனை விடுங்கள். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று எழுதாத பெற்றோர் இந்தக் காலத்தில் யார்?

கைத்தூண்டில் தொழில் செய்தவர் என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அவரைப் பைக்குக் காவல் வைத்துவிட்டீர்கள். போகிறவர்கள் மூன்று பேர், தூண்டில் இரண்டு. கடையில் பணம் கொடுக்கும்போதுகூட உறைக்கவில்லையா?

கண் மங்கிவிட்டதாம். கைத்தூண்டிலுக்குக் கண் எதற்கு? தங்கூசி, அதாவது நைலான் நூல், ஆள்காட்டி விரலில் கிடக்கும். பத்துப் பாகம், அதாவது பத்து ஆள் ஆழத்தில் ஈயம் கடலடிப் பாரில், பாறையில் தட்டுகிறதா, மணலில் கிடக்கிறதா, இரையை மீன் முகர்கிறதா, கவ்விவிட்டதா, எல்லாம் விரல்தான் சொல்லும். விளைமீனும் கலவாயும் இருட்டில் பிடித்தவர்கள் அவர்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் ரீலைச் சுற்றிக்கொண்டு, மீன் இல்லை என்கிறீர்கள்.

ஆடியில் தெற்குக் கரைக்கு யார் போகச் சொன்னது? கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதம். தென்கடல் கலங்கிக் கிடக்கும், வடகடல் அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்தால் தலைகீழ். மண்டபத்தில் இரண்டு கடலும் நடந்து போகிற தூரத்தில்தானே இருக்கின்றன? போதாக்குறைக்கு உச்சி வெயில் ஏறுகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு லீவு, கடலுக்கு ஏது லீவு? அஷ்டமியை ஒட்டி வருகிற ஞாயிறு என்றால் கடல் ஏறி இறங்குகிற ஓதமும் குறைவு, தண்ணீர் ஓடாது. இதெல்லாம் உங்கள் அப்பாவுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்காத இடத்தில் வாய் திறக்காத தலைமுறை அது.

உங்கள் மகன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். தாத்தாவுக்குத் தெரிந்ததற்கு இந்த வீட்டில் மதிப்பில்லை என்று நீங்கள்தான் வாரா வாரம் பாடம் நடத்துகிறீர்கள். வயதானவரை வெளியே கூட்டிப்போகிறோம், கூட உட்கார வைக்கிறோம், அதுவே பெரிசு என்று நினைக்கிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்காது. பெற்றவருக்குச் சோறு போடுவது கடமை என்றால், அவருக்குத் தெரிந்த வேலையை அவர் கையில் கொடுப்பதும் கடமைதான்.

ரீல்களை வீட்டில் வையுங்கள். மெல்லிய தங்கூசி ஒரு உருண்டை, நாலு சின்ன தூண்டில் முள், கொஞ்சம் ஈயம், புது இறால் போதும். என்றைக்கு, எந்தக் கரை, எத்தனை மணிக்கு என்பதை அப்பா சொல்லட்டும். விடியற்காலை என்றால் எழுந்திருங்கள். முள் கட்டுவதும் இரை கோப்பதும் பையன் வேலை. அவனுக்குக் கண் நன்றாகத் தெரிகிறதே. தங்கூசி தாத்தா விரலில் இருக்கட்டும். அதிர்வு வரும்போது பையன் விரலையும் அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். நடுவில் புகுந்து நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம். அன்றைக்கும் கடிக்காமல் போகலாம். அப்படியே பேத்தை, அந்த உப்புகிற மீன், சிக்கினால் கடலிலேயே விட்டுவிடுங்கள், அது விஷம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கண் மங்கிவிட்டது என்று எழுதியவர், டாக்டரிடம் காட்டினோம் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. கண்புரையாக இருந்தால் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாக அறுவை சிகிச்சை செய்கிறார்கள். ரீலுக்குப் பணம் இருந்தது, இதற்குப் பஸ் காசு இல்லையா? வருகிற திங்கட்கிழமையே கூட்டிப்போங்கள். ஆபீசில் லீவு கிடைக்காது என்று எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள்.