வண்டி ஆன்டெனாவின் லோடிங் காயில்: தியரி எவ்வளவு வேண்டும்?

கேள்வி: காரில் ஹாம் ரேடியோவின் 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) 2.4 மீட்டர் விப், அதாவது கம்பி ஆன்டெனா, அதன் குட்டை நீளத்தை ஈடுகட்ட அடியில் லோடிங் காயில். காயிலை அலை ஓடும் டிரான்ஸ்மிஷன் லைனாகப் பார்க்கச் சொல்கிறார் ஒருவர், சாதாரண இண்டக்டர்தான் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது சார்?

பதில்: சுற்றத் தொடங்க அந்தச் சண்டை தீரவேண்டியதில்லை. அந்த விப் சுமார் 25 பைக்கோஃபாரட் கபாசிட்டர் மாதிரி, 7.1 மெகாஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 900 ஓம், அதை ரத்து செய்ய 20 மைக்ரோஹென்றி. காயிலின் இண்டக்டன்ஸுக்கு வீலர் என்ற எஞ்சினியர் 1928-ல் கொடுத்த சூத்திரத்தில் போட்டால், 5 செ.மீ. விட்டக் குழாயில் 1.5 மி.மீ. கம்பியை அதே அளவு இடைவெளி விட்டு 30 சுற்று, நீளம் 10 செ.மீ.க்குள் அடங்கிவிடும். இரண்டு சுற்று கூடுதலாகவே சுற்றி, வண்டியில் பொருத்தி, ஆன்டெனா அனலைசரைப் பார்த்துச் சுற்றைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்தத் தியரியில் கணக்குப் போட்டாலும் கடைசியில் இந்த வேலை உண்டு, ஏனென்றால் மவுண்டும் வண்டியின் தகரமும் எந்தச் சூத்திரத்திலும் இல்லை.

கேள்வி: அப்போ தியரியே வேண்டாமா?

பதில்: வேண்டும், பவர் எங்கே வீணாகிறது என்று தெரிந்துகொள்ள. உங்கள் விப்பின் கதிர்வீச்சு எதிர்ப்பு, அதாவது அலையாக வெளியே போகும் பவரைக் குறிக்கும் பங்கு, சுமார் 1.3 ஓம்தான். தரையிலும் வண்டி பாடியிலும் வீணாகும் தரை இழப்பு 6 ஓம் என்று வைத்துக்கொள்வோம், வண்டிக்கு வண்டி மாறும். காயிலின் க்யூ (தர எண், கூடினால் இழப்பு குறைவு) 100 என்றால் அதில் 9 ஓம் போகிறது, 300 என்றால் 3 ஓம். முதலாவதில் 8 சதவீதம் பவர் வெளியே போகும், இரண்டாவதில் 12.6 சதவீதம், வித்தியாசம் 2 டெசிபல், அதற்காக மெனக்கெடலாம். ஆனால் 300-ஐ 400 ஆக்கினால் கிடைப்பது 0.3 டெசிபல்தான், எதிர்முனையில் கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. அந்த உழைப்பைத் தரை இழப்பைக் குறைக்க, மவுண்டுக்குக் கீழே பெயின்ட்டைச் சுரண்டுவதிலும், கதவையும் பானெட்டையும் அகலமான பட்டையால் பாடியோடு இணைப்பதிலும் போடுங்கள்.

கேள்வி: காயில் கம்பிக்கு வெள்ளி முலாம்?

பதில்: இந்த அதிர்வெண்ணில் கம்பியின் இழப்பு 3 சதவீதம் குறையலாம். விட்டுவிடுங்கள்.

கேள்வி: எந்த மேட்சிங்கும் இல்லாமல் எஸ்.டபிள்யூ.ஆர் (50 ஓம் கேபிளோடு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.1 வருகிறது அண்ணா, காயில் பிரமாதம்தானே?

பதில்: இல்லை தம்பி, அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். நல்ல காயில் என்றால் மேலே போட்ட கணக்குப்படி மொத்தம் 10 ஓம் பக்கம் இருக்கவேண்டும், அதாவது எஸ்.டபிள்யூ.ஆர் 5. நேராக 50 ஓம் காட்டினால் மிச்ச 40 ஓம் எங்கோ சூடாகத்தான் போகிறது. சரியான காயிலைப் போட்டு, அடியில் தரைக்கு ஒரு சின்ன இண்டக்டர் வைத்து மேட்ச் செய்.

கேள்வி: காயிலை விப்பின் நடுவில் வைத்தால்?

பதில்: கதிர்வீச்சு எதிர்ப்பு நன்றாகவே கூடும், ஆனால் இண்டக்டன்ஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவை, காயில் இழப்பும் அதோடு ஏறும். தரை இழப்பு பெரிதாக உள்ள வண்டியில் இது லாபம். கபாசிட்டன்ஸைக் கூட்டும் உலோகத் தொப்பி வைப்பதாக இருந்தால் விப்பின் உச்சியில் வையுங்கள், காயிலின் தலையில் ஒட்டினாற்போல வைத்தால் க்யூ விழுந்துவிடும்.