கேமரன் மலையில் வாங்கிய ஹைட்ராஞ்சியா கீழே வந்ததும் ஏன் பூக்க மறுக்கிறது?

முதல் பூ வாடிய பிறகு ஒரு வருடமாக வெறும் இலைதான், உரம் போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். உரத்திலும் குறையில்லை, உங்கள் கையிலும் குறையில்லை. கீழே சுங்கை சிப்புட் ஊரில் என் அம்மா அடுத்தடுத்து மூன்று செடி வளர்த்துப் பார்த்துவிட்டார். தினமும் காலையில் வாசல் கூட்டும்போது ஒவ்வொரு குச்சியின் நுனியையும் விரலால் தடவிப் பார்ப்பார். வந்ததெல்லாம் இலைத்துளிர்தான்.

இந்தச் செடிக்குச் சொந்த ஊர் ஜப்பான், கொரியா பக்கம். அதில் ஒரு வகை மலைக்காட்டு நிழலில் வளர்வது. குளிர்காலம் வந்தால் இலை முழுவதையும் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இது புரியும். பிப்ரவரி வாக்கில் பால்மரம் இலை கொட்டும், பாலும் குறையும். ஆனால் பால்மரத்துக்கு வறண்ட வெயில் போதும், ஹைட்ராஞ்சியாவுக்குக் குளிர் வேண்டும். இரவில் 18 பாகை செல்சியஸுக்குக் கீழே பல வாரம் நீடித்தால்தான் குச்சி நுனியில் பூமொட்டு நன்றாகக் கட்டும். கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம், அங்கே அந்தக் குளிர் உண்டு. நம் ஊரில் நடுராத்திரியிலும் 23, 24 பாகை. நீங்கள் வாங்கிய பூ, மேலே இருந்தபோதே கட்டிய மொட்டு.

அதனால் உரத்தைக் கூட்டாதீர்கள், இலைதான் பெருக்கும். தண்ணீரிலும் கவனம். மத்தியானம் இலை துவண்டு தொங்கும், அம்மாவும் பதறிப்போய் ஊற்றிக்கொண்டே இருந்தார். முதல் செடி வேர் அழுகித்தான் போனது. மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள், சாயங்காலம் தானே நிமிரும். காலை வெயில் மட்டும் படும் இடம் போதும்.

அடுத்த முறை வாங்கினால் பூவைக் கிட்டத்தில் பாருங்கள். நாம் இதழ் என்று நினைக்கும் நீலமெல்லாம் புல்லிவட்டம், அதாவது பூவின் வெளியுறை; அதன் நடுவில் சின்னப் பாசிமணி போல இருப்பதுதான் உண்மையான பூ. புளிப்பு மண்ணில் அலுமினியத்தை வேர் உறிஞ்சினால் நீலம், இல்லையென்றால் ரோஜா நிறம். எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

உருண்டைக் கொத்துதான் வேண்டுமென்றால் இட்லிப்பூ வையுங்கள், நம் வெயிலுக்கு வருடம் முழுக்கப் பூக்கும். அம்மாவின் வாசலில் இப்போது அதுதான் இருக்கிறது. ஒரு ஹைட்ராஞ்சியாவும் பக்கத்திலேயே நிற்கிறது, இலையோடு.

அப்புறம், வீட்டில் ஆடு இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். இலையிலும் மொட்டிலும் நஞ்சு உண்டு.