பேத்திக்கு ‘டோலோரஸ்’ என்று பெயர் வைத்தால் வாழ்நாளெல்லாம் கண்ணீரா?

கேள்வி: என் மகன் ஸ்பெயினில் வலென்சியாவில் வேலை பார்க்கிறான். மருமகள் அந்த ஊர்ப் பெண். பெண் குழந்தை பிறக்கப்போகிறது. மருமகள் தன் பாட்டியின் பெயரான ‘டோலோரஸ்’ என்பதையே வைக்க ஆசைப்படுகிறாள். இணையத்தில் பார்த்தேன், ‘வலி, துயரம்’ என்று போட்டிருக்கிறது. எங்கள் ஊரில் பெயர் எண் பார்ப்பவர், நடுவில் இன்னொரு ‘எல்’ சேர்த்தால் தோஷம் நீங்கும், இல்லாவிட்டால் வாழ்நாளெல்லாம் கண்ணீர்தான் என்கிறார். திருத்தித் தர 5,000 ரூபாய் கேட்கிறார். என்ன செய்வது? (வாசகி, கும்பகோணம்)

பதில்:

அம்மா, முதலில் அந்த 5,000 ரூபாயைப் பத்திரமாக உள்ளே வையுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

இணையம் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறது. ஸ்பானிய மொழியில் ‘தொலோர்’ என்றால் வலி, துயரம். நீங்கள் ‘டோலோரஸ்’ என்று எழுதியதை அங்கே ‘தொலோரெஸ்’ என்பார்கள், அது இதன் பன்மை. லத்தீனிலிருந்து வந்த சொல். அதற்காக ஸ்பெயினில் எந்தத் தாயும் மடியில் கிடக்கும் பிள்ளைக்கு ‘வலிகள்’ என்று பெயர் சூட்டுவதில்லை. முழுப்பெயர் ‘மரியா தெ லோஸ் தொலோரெஸ்’, அதாவது துயரங்களின் மரியா. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் வியாகுல மாதா என்று கும்பிடுகிறார்களே, அதே தாய்தான். திருச்சூரில் இருக்கிற பெரிய பசிலிக்காவும் இந்த மாதாவின் பேரில் எழுந்ததுதான். நீளப் பெயர் வாயில் தேய்ந்து தேய்ந்து ‘மரியா தொலோரெஸ்’ ஆயிற்று. அதுவும் சுருங்கி தொலோரெஸ் மட்டும் நின்றது.

துயரங்கள் என்று பன்மையில் சொல்வதற்கும் கணக்கு இருக்கிறது. மாதாவின் வியாகுலங்கள் 7. கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓடியது, கோயிலில் மகனைத் தொலைத்துவிட்டுத் தேடியது, கடைசியில் அவனைச் சிலுவையிலிருந்து இறக்கி அடக்கம் செய்தது எல்லாம் அதில் சேரும். திருநாள் செப்டம்பர் 15.

ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் செவில்யா நகரத்துக்குப் போனால் இந்தப் பெயர் அந்த மக்கள் காதில் எப்படி விழுகிறது என்பது புரியும். நம் ஊர்ச் சப்பரம் மாதிரி மாதா சுரூபத்தைச் சுமந்து வருவார்கள். கன்னத்தில் கண்ணாடியில் செய்த கண்ணீர்த்துளிகள் ஒட்டியிருக்கும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவை மின்னும். அழுகிற அந்த முகத்தைப் பார்த்துத் தெருவே ‘குவாப்பா! குவாப்பா!’ என்று கத்தும். ‘அழகி! அழகி!’ என்று அர்த்தம். உங்கள் மருமகளின் பாட்டிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அகராதியைப் பார்த்து வைத்தவர்கள் இல்லை.

ஸ்பெயினில் மரியா என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்புவார்கள். அதனால் மாதாவின் பட்டங்களே பெயர்களாகிவிட்டன. வலென்சியாவிலேயே ‘அம்பாரோ’ என்ற பெயர் மூலைக்கு மூலை உண்டு. அது நம் அடைக்கலம். ‘சொகோரோ’ நம் சகாயம். ‘ரொசாரியோ’ நம் செபமாலை. ‘மிலாக்ரோஸ்’ நம் அற்புதம். ‘இன்மாகுலாதா’ வேறு யாரும் இல்லை, அமலோற்பவம்தான்! ‘சொலெதாத்’ என்றால் தனிமை, ‘அங்குஸ்தியாஸ்’ என்றால் மனவேதனை. கிரனாதா நகரத்தின் காவல் மாதாவே அங்குஸ்தியாஸ்தான். நம்மிடம் வியாகுலமேரிகள் இல்லையா? அவ்வளவு ஏன், பிச்சை என்று பெயர் வைத்த பிள்ளைகளெல்லாம் பிச்சையா எடுத்தார்கள்?

சரி, அந்த ‘எல்’ விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இங்கேதான் கோபம் வருகிறது. ஸ்பானிய எழுத்தில் ஒற்றை ‘எல்’ ல-ஒலி. இரண்டு ‘எல்’ சேர்ந்து வந்தால் பெரும்பாலான இடங்களில் அது ய-ஒலி. உங்கள் ஊர்க்காரர் சொல்கிறபடி எழுதினால் வலென்சியாவில் பள்ளிக்கூட டீச்சர் பிள்ளையை ‘தொயோரெஸ்’ என்றுதான் கூப்பிடுவார். அப்படி ஒரு பெயர் உலகத்தில் கிடையாது. ‘எல்’ வேண்டாம், ‘எச்’ சேர்க்கலாம் என்று மாற்றிச் சொல்வார், பாருங்கள். அந்த மொழியில் ‘எச்’ தனியாக வந்தால் ஊமை எழுத்து. அவருடைய அட்டவணை 26 ஆங்கில எழுத்துகளுக்குப் போட்டது. ஸ்பானிய அரிச்சுவடியில் 27 எழுத்துகள். கூடுதலாக இருக்கும் அந்த ஓர் எழுத்துக்கு என்ன எண் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.

பெயர்ப் பொருள் சொல்லும் இணையதளங்களும் இவருக்கு அண்ணன்தம்பிகள்தான். ஒன்று எழுதியதை இன்னொன்று பிரதி எடுக்கும். ‘அதிர்ஷ்ட நிறம் நீலம், அதிர்ஷ்டக் கிழமை வெள்ளி’ என்று கீழே ஒரு வரி சேர்க்கும். அதை நம்பி நள்ளிரவில் மருமகளுக்கு வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள்.

இந்தப் பெயரால் யாருடைய வாழ்க்கையும் அழுகையாகிவிடவில்லை. 1936-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ‘நோ பசரான்’, பாசிஸ்டுகளைக் கடந்துபோக விடமாட்டோம் என்று முழங்கிய கம்யூனிஸ்ட் தலைவி தொலோரெஸ் இபாருரி. மெக்சிகோவிலிருந்து ஹாலிவுட் வரை போன நடிகை தொலோரெஸ் தெல் ரியோ. ஆட்டமும் பாட்டுமாக ஸ்பெயினையே கட்டிப்போட்ட லோலா புளோரெஸின் முழுப்பெயரும் மரியா தொலோரெஸ்தான்.

நீங்கள் யோசிக்க வேண்டியது இன்னொன்று. அது இன்று பாட்டிகளின் பெயர். ஸ்பெயினின் தேசியப் புள்ளிவிவர நிறுவனம் ஒவ்வொரு பெயரும் எத்தனை பேருக்கு, சராசரி வயது என்ன என்று இணையத்தில் காசு வாங்காமல் காட்டுகிறது. மரியா தொலோரெஸ் என்ற பெயரில் 2 லட்சத்துக்கு மேல் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள். இன்று பிறக்கிற குழந்தைகளுக்கு இதன் செல்லப்பெயரான ‘லோலா’தான் பரவலாக வைக்கப்படுகிறது. தொலோரெஸ் எப்படி லோலா ஆனது என்கிறீர்களா? மழலை வாய் ‘தொ’வை விழுங்கி, லகரத்தை இரண்டு தடவை சொல்கிறது, அவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயத்திலும் அரசாங்கம் மூக்கை நுழைத்தது. 2007 வரை செல்லப்பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் தடையாக இருந்தது. அதற்கு முன்னால் சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் வலென்சியா மொழியில் ‘தொலோர்ஸ்’ என்று எழுதவே விடவில்லை. 1977-ல்தான் அந்தக் கதவு திறந்தது. மக்கள் வாயில் வாழ்கிற பெயருக்கு ஏன்தான் இத்தனை காவலோ!

உங்களுக்கு மனசு ஆறவில்லை என்றால் லோலா என்றே பதிவு செய்யலாமா என்று மருமகளிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பாட்டியின் பெயரும் போகாது. ‘லோலிதா’ என்று மட்டும் ஸ்பெயினுக்கு வெளியே கூப்பிடப் பழக்காதீர்கள். ஸ்பெயினில் அது சாதாரணச் செல்லம், மற்ற நாடுகளில் 1955-ல் வந்த ஒரு நாவலால் அதன் பேர் கெட்டுவிட்டது.

இனி நான் சொல்லப்போவதை உங்கள் மகனிடம் வரி விடாமல் படித்துக் காட்டுங்கள். மரியா தொலோரெஸ் என்று இரட்டைப் பெயராக வைப்பதாக இருந்தால் ஒரு பெரிய வில்லங்கம் உண்டு. ஸ்பெயினில் மரியாவைச் சுருக்கி ‘எம்’ போட்டு, ஒரு புள்ளி வைத்து, மேலே பொடியாக ஒரு ‘ஏ’ எழுதுவார்கள். அங்கே ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளி அட்டை எல்லாவற்றிலும் இது சகஜம். நம் ஊர் குமாஸ்தாவுக்கு ‘எம்’ என்றால் இனிஷியல். இனிஷியல் என்றால் அப்பா பெயர். சான்றிதழ்களை மொழிபெயர்ப்பதுதான் என் தொழில். ஒரு குழந்தையின் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அந்தப் பொடி ‘ஏ’யைத் தூசி என்று விட்டுவிட்டு, “எம்-னா என்ன சார், முருகனா, மாணிக்கமா?” என்று கேட்டார்கள். தகப்பன் பெயரோ ‘ஜே’யில் தொடங்கும். அது வேறு ஆள் என்று முடிவு கட்டி, பிரமாணப் பத்திரம் கேட்டு, அதை நோட்டரியிடம் அனுப்பி, திரும்ப முதல் மேசைக்கு வரவைத்து, 8 மாதம் ஓடியது. வாசலில் நின்ற தரகர் ஒருவர் 2 நாளில் முடிப்பதாக விலை சொன்னார். அவரிடமும் போகாதீர்கள், அவர் இன்னொரு தப்பைச் சேர்ப்பார்.

எனவே பிறப்புப் பதிவிலேயே மரியா என்று முழுசாக எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை எதிலும் சுருக்கம் கூடாது. தொலோரெஸ் மட்டுமோ, லோலா மட்டுமோ வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை. ஸ்பெயினில் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என இரண்டு குடும்பப்பெயர் போடுவார்கள். இனிஷியலோடு வளர்ந்த உங்கள் மகன் அதற்கு என்ன எழுதப்போகிறான் என்பதையும் குழந்தை பிறப்பதற்கு முன்பே பேசி வைக்கட்டும்.

கடைசியாக உச்சரிப்பு. ‘டோ’ என்று தொடங்காதீர்கள், அது ஆங்கிலக்காரன் வாய். ‘தேவி’ என்பதில் வருகிற மெல்லிய ‘தே’ இருக்கிறதே, அதே மாதிரி நாக்கைப் பல்லில் வைத்து ‘தொ’, பிறகு ‘லோ’வை அழுத்தி, ‘ரெஸ்’. தமிழ் நாக்குக்கு இது வெல்லம். பெயர் வைக்கும் நாளில் வீடியோ அழைப்பில் நீங்கள் இதைச் சரியாகச் சொன்னால் சம்பந்தி வீட்டார் அசந்துபோவார்கள். அதுவும் வராவிட்டால் லோலா போதும். காது குத்தும்போது நீங்கள் எப்படியும் லோலாக்கு வாங்கத்தானே போகிறீர்கள்?